ஜெயசீலன் திருடவில்லை

முருகேசன் அழைத்தபோது பிற்பகல் நாலேகால் மணி. ஒரகடம் சந்திப்பில் கன்டெய்னர் லாரிகளுக்கு இடையே என் வண்டி நின்றுகொண்டிருந்தது. முருகேசன் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து எங்கள் தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளியாகச் சேர்ந்தவர். இன்று சங்கத்தின் செயலாளர். “அண்ணாச்சி, நம்ம ஜெயசீலன் அண்ணன் தவறிட்டாவ,” என்றார். “ஷிப்ட் பஸ்ஸுலயே. சீட்டுல சாஞ்சாப்புல இருந்திருக்காவ. ஒறங்குதாவன்னு விட்டுட்டாங்க.”

முதல் ஷிப்ட் முடிந்து கிளம்பிய பஸ் அது. பிள்ளைப்பாக்கம் நிறுத்தத்தில் நான்கு பேர் இறங்கினார்கள். ஜெயசீலனும் அங்கேதான் இறங்க வேண்டும். நால்வரும் அவருடைய ஊர்க்காரர்கள். ஒருவரும் அவரை எழுப்பவில்லை. பஸ் கடைசி இடத்துக்குப் போய்ச் சேர்ந்து, ஓட்டுநர் இருக்கைகளுக்கு நடுவே நடந்து வந்தபோதுதான் தெரிந்தது. இதயம் நின்று ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கும் என்று மருத்துவர் சொன்னாராம். எழுப்பியிருந்தால் பிழைத்திருப்பாரா என்று எனக்குத் தெரியாது. ஏன் எழுப்பவில்லை என்பது தெரியும். இரண்டு வருடங்களாக அந்தப் பஸ்ஸில் ஜெயசீலனோடு பேசுகிறவர்கள் இல்லை.

மறுநாள் கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இறக்கிக்கொண்டிருந்தபோது முருகேசன் என் பக்கத்தில் நின்றார். “நல்ல மனுசன் அண்ணாச்சி. அந்த ஒரு காரியத்த மட்டும் பண்ணாம இருந்திருக்கலாம்,” என்றார். சுற்றி நின்றவர்களில் ஐந்தாறு பேர் தலையை ஆட்டினார்கள். அவர்கள் இப்போது இதைப் படித்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைக்கிறேன்.

அந்த ஒரு காரியம் உங்கள் எல்லாருக்கும் தெரியும். என் பொறுப்பில் இருந்த பரிசோதனைப் பிரிவில் வேலை பார்த்த ஜெயசீலன், கால்சட்டைப் பையில் ஒரு பித்தளை புஷ்ஷுடன், சரக்கு வண்டிகள் வந்துபோகும் மெட்டீரியல் கேட் அருகே பிடிபட்டார். புஷ் என்பது இயந்திரத்துக்குள் பொருத்தும் ஒரு வளையம். கட்டைவிரலில் மாட்டிக்கொள்ளும் அளவுதான் இருக்கும். உள்விசாரணை நடந்தது. திருட்டு என்று முடிவானது. அவருடைய முப்பதாம் நாள் திருப்பலிக்கு வருகிறவர்களுக்குக் கொடுக்கும் இந்தச் சிற்றேட்டில், அவரைப் பற்றி நாலு நல்ல வார்த்தை எழுதித் தரும்படி என்னைக் கேட்டார்கள். நல்ல வார்த்தைகளை மற்றவர்கள் எழுதட்டும். ஜெயசீலன் திருடவில்லை என்பதை நான் எழுதுகிறேன். அதை முழுக்க அறிந்திருந்தவர்கள் இரண்டே பேர். ஒருவரைப் புதைத்துவிட்டோம்.

இதைச் சொல்வதற்கு ஒரு வீடியோ கேமைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். இரங்கல் கட்டுரையில் இதெல்லாம் எதற்கு என்று நினைப்பவர்கள் கொஞ்சம் பொறுத்துக்கொள்ளுங்கள்.

தண்டலத்தில் கல்லூரி ஒன்றின் எதிரே, ஹார்டுவேர் கடைக்கு மேல் மாடியில், ஒரு கேமிங் சென்டர் இருக்கிறது. நாற்பத்தாறு வயதில் நான் அதன் படி ஏறியதற்குக் காரணம் உண்டு. அந்த வருடம் என்னைவிட ஆறு வயது இளையவரைத் தரப் பிரிவுக்குத் தலைவராக்கினார்கள். நான் கையெழுத்துப் போட மறுத்த இரண்டு அறிக்கைகளில் அவர் யோசிக்காமல் போட்டார். வேறு தகுதி எதையும் நான் அவரிடம் பார்க்கவில்லை. அதை இன்றுவரை மறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் வீட்டில் உட்கார்ந்தால் அந்த மனிதரின் முகமே கண்ணில் நின்றது. எதையாவது சுட்டால் தேவலை போலிருந்தது. அதற்காகத்தான் போனேன்.

மாணவர்கள் கும்பலாகச் சேர்ந்து கத்திக்கொண்டே சுட்டுக்கொண்டிருந்தார்கள். ஜன்னலோரக் கணினியில் மட்டும், காலைப் பூசைக்குப் போட்ட வெள்ளைச் சட்டையோடு ஒருவர் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்திருந்தார். அவருடைய திரையில் உயரமான புல். புல்லுக்குள் ஒரு சிப்பாய் குப்புறப் படுத்திருந்தான். நான் ஒரு ஆட்டம் தோற்று, இன்னொன்றும் தோற்று, எழுந்துபோய்த் தண்ணீர் குடித்துவிட்டு வந்தபோதும் சிப்பாய் அப்படியே கிடந்தான்.

“சிஸ்டம் நின்னுபோச்சா?” என்று கேட்டேன்.

“இல்ல சார்,” என்றார் திரும்பாமலே. “கேட்டாண்ட ஒருத்தன் நிக்கறான். அவன் நகரணும்.”

குரலை வைத்துத்தான் ஆளைத் தெரிந்தது. எங்கள் ஆலையில் பரிசோதகர் ஒவ்வொருவருக்கும் ஓர் எண் முத்திரை உண்டு. அவர் பார்த்துச் சரி என்று விட்ட பெட்டியில் அந்த எண் விழும். இவர் பதினேழு. ஆறு வருடமாக என் கீழ் வேலை பார்த்தவர். மில்லிமீட்டர்களைத் தவிர வேறெதையும் அவரிடம் பேசியதில்லை.

“எவ்வளவு நேரமா நிக்கறான்?”

“இருவது நிமிசம் இருக்கும்.”

“சுட்டுத் தள்ளிட்டுப் போக வேண்டியதுதானே.”

“சுட்டா சத்தம் கேக்கும். கேட்டா நாலு பேர் வருவான். அவங்களயும் சுடணும். அப்பால அது வேற கேம் சார்.”

அது உலகப் போர்க் காலத்தில் நடக்கும் ஆட்டம். எதிரிப் படை பிடித்துவைத்திருக்கும் ஒரு மலைக்கிராமம், ஓர் ஆற்றுப் பாலம், மேலே ஒரு பழைய கோட்டை. ஒற்றை ஆள் உள்ளே நுழைந்து ஒரு கடிதக் கட்டை எடுத்துக்கொண்டு வெளியே வர வேண்டும். துப்பாக்கி உண்டு; ஆனால் அதைத் தொட்டால் பாதி தோல்வி. காவலர்களுக்கு ஒவ்வொரு பாதை. போவார்கள், நிற்பார்கள், திரும்புவார்கள். யாராவது நம்மைக் கவனிக்கத் தொடங்கினால் திரையின் மூலையில் ஒரு கண் திறக்கும். முதலில் வெள்ளையாக, பிறகு மஞ்சளாக. சிவந்துவிட்டால் அபாயச் சங்கு ஊதும். அந்தக் கண் பாதி திறந்து நிற்கையில் சிப்பாயோடு சேர்ந்து நாமும் மூச்சைப் பிடிப்போம். ஒரு பூட்ஸ் சத்தம் சுவருக்கு அந்தப் பக்கம் நெருங்கும். நின்றுவிடும். ஏன் நின்றது என்று தெரியாது. என் உள்ளங்கை வேர்த்து மௌஸ் வழுக்கும்.

ஐந்தாறு வாரத்தில் இருவரும் ஒரே கணினியில் முறை வைத்து ஆடத் தொடங்கினோம். ஆலையில் “சார்” என்றவர் அந்த மாடியில் “ண்ணா” என்றார். படியிறங்கியதும் மறுபடி சார். இந்த ஒழுங்கை அவரே வைத்துக்கொண்டார்.

பெரிதாகப் பேசுகிறவர் இல்லை. ஆனால் ஒருமுறை, இந்த ஆட்டத்தில் அப்படி என்னதான் இருக்கிறது என்று கேட்டேன். ஆலையில் அவருடைய மேசைக்கு மேலே இரண்டு கேமராக்கள். அதற்கும் மேலே மேற்பார்வையாளர்களின் கண்ணாடி அறை. கீழிருந்து பார்த்தால் கூரை விளக்குகளின் பிரதிபலிப்புதான் தெரியும்.

“உள்ள எட்டு மணி நேரம் எவன் எங்கேர்ந்து பாக்கறான்னே தெரியாதுண்ணா,” என்றார். “கண்ணாடிக்கு அந்தாண்ட ஆளு கீறானா இல்லியான்னு கூடத் தெரியாது. மூக்கச் சொறிஞ்சா கூட யோசனையாக் கீது. இதுல எவன் பாக்கறான், எவ்ளோ நேரம் பாக்கறான், எப்ப திரும்புவான், எல்லாம் தெரியுது. அது ஒரு நிம்மதி.”

போர் விளையாட்டுகள் ஏன் மனிதர்களை இழுக்கின்றன என்று படித்தவர்கள் எழுதியதை நானும் கொஞ்சம் படித்திருக்கிறேன். யாரும் இதைச் சொல்லவில்லை.

அவர் வகுத்த விதி ஒன்று உண்டு. ஒருவர் ஆடும்போது மற்றவர் பேசக் கூடாது. பேச்சு கவனத்தைக் கெடுக்கும். ஆனால் பக்கத்திலிருந்து பார்ப்பவருக்கு ஆடுகிறவர் காணாதது தெரியும். ஆகவே தோளில் தட்டலாம். ஒரு தட்டு என்றால் நில். இரண்டு தட்டு என்றால் போ. இரண்டு நடுவயதுக்காரர்கள் ஊமைகளைப் போல ஒருவரை ஒருவர் தட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பார்த்து மாணவர்கள் சிரித்தார்கள்.

எங்களுக்குள் சண்டையும் வந்தது. கிணற்றடியில் நிற்கும் காவலன் ஒருவன் வீட்டிலிருந்து வந்த கடிதத்தைக் கூட்டாளிக்குப் படித்துக் காட்டுவான். அவன் முடிக்கும்வரை காத்திருக்கப் பொறுமையின்றி நான் பின்னால் போய்க் கத்தியால் குத்தினேன். ஜெயசீலன் எழுந்து வீட்டுக்குப் போய்விட்டார். அடுத்த வாரம்தான் பேசினார்.

“அவன் இன்னா பண்ணான் உன்ன?”

“எதிரிப் படை சீலா.”

“எதிரி மேல கோட்டைல நாற்காலி போட்டுக்கினு குந்திக்கீறான் பாரு, அவன். கீய நிக்கறவன் காண்ட்ராக்ட்டுண்ணா. நில்லுன்னான், நிக்கறான்.”

ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் எத்தனை பேரைக் கொன்றோம் என்று திரை காட்டும். என் கணக்கு இருபதுக்குக் குறையாது. அவருடையது எப்போதும் பூஜ்யம். அவர் போய்வந்த இடத்தில் யாரும் விழவில்லை, எதுவும் உடையவில்லை, காவலர்கள் அதே இடத்தில் நின்றுகொண்டிருப்பார்கள். “காத்தால டூட்டி மாறும்போது ஒண்ணும் நடக்கலன்னு நோட்டுல எழுதுவான் பாரு,” என்று சிரிப்பார். அவர் சத்தமாகச் சிரித்து நான் பார்த்தது அதற்கு மட்டும்தான்.

இந்த ஆட்டம் எனக்கு ஒரு திமிரைக் கொடுத்தது. எங்கள் ஆலையின் காவலர்களையும் நான் அளக்கத் தொடங்கினேன். யார் எப்போது எங்கே நடக்கிறார் என்று ஜெயசீலனிடம் பெருமையாகச் சொல்வேன். அவர் ரசிக்கவில்லை. “கேம்ல அவன் வட்டம் அடிப்பான். மனுசன் அடிக்க மாட்டான்ணா. வவுறு வலிக்கும். பொண்டாட்டி போன் பண்ணுவா.” நான் காதில் வாங்கவில்லை.

அப்போதுதான் ஒப்பந்தத் தொழிலாளர்கள் சங்கம் வைக்க முடிவு செய்தார்கள். விண்ணப்பத்தை எழுதிக் கொடுத்தவன் நான். அதிகாரிகள் வரிசையில் இருப்பவன் இதைச் செய்தது தெரிந்தால் அன்றே வெளியேற்றுவார்கள் என்று அறிந்தே எழுதினேன். நியாயத்துக்காக என்று அன்று சொல்லிக்கொண்டேன். தரப் பிரிவுத் தலைவர் நாற்காலியில் உட்கார்ந்திருப்பவருக்கு ஒரு தலைவலி கொடுக்கும் ஆசையும் அதில் இருந்தது. மூன்று ஷிப்ட்டில் சிதறிக் கிடந்தவர்களை ஆலைக்கு வெளியே ஒன்றாகப் பிடிக்க முடியாது என்பதால், கையெழுத்துகளை உள்ளேயே கேன்டீனிலும் கழிவறையிலும் வாங்கினார்கள். நாற்பத்து மூன்று பேர். தாள்கள் என் பரிசோதனைக்கூட அலமாரியில் இருந்தன.

யாரோ சொல்லிவிட்டார்கள். யார் என்று எனக்கு ஓர் அனுமானம் உண்டு. அதை இங்கே எழுத மாட்டேன். அந்தத் திங்கட்கிழமை முதல் பிரதான வாயிலில் எல்லாரையும், எங்களைப் போன்ற அதிகாரிகளையும், உடலைத் தடவிச் சோதித்தார்கள். உள்ளே அலமாரிகளைத் திறந்து பார்க்கப் போவதாகவும் பேச்சு வந்தது. தாள்கள் நிர்வாகத்தின் கையில் கிடைத்தால் நாற்பத்து மூன்று பேருக்கும் மறுநாள் வேலை இல்லை. ஒப்பந்தக்காரருக்கு ஒரு வரி எழுதினால் போதும். காரணம் கூடக் காட்ட வேண்டாம்.

பின்பக்க மெட்டீரியல் கேட்டை நான் தேர்ந்தெடுத்தேன். இரும்புத் தகட்டுக் கதவு. அடியில் மூன்று விரல் இடைவெளி. வெளியே முருகேசன் வண்டிச் சங்கிலியைச் சரிசெய்வதுபோல உட்கார்ந்திருப்பார். நான் தாள்களை அடியில் தள்ள வேண்டும், அவ்வளவுதான். அங்கே காவல் தனசேகர், வல்லக்கோட்டைக்காரர், ஐம்பத்தைந்து வயதிருக்கும். பன்னிரண்டு நாற்பதுக்குக் கேட்டை விட்டு எடைமேடை அறைக்கு நடப்பார். அங்கே பிளாஸ்க்கில் தேநீர். குடித்துவிட்டு, அங்கிருப்பவரோடு பேசிவிட்டுத் திரும்ப நான்கு நிமிடத்துக்குக் குறையாது. ஐந்து நாள் ஜன்னல் வழியாக அளந்தேன். ஒரு நாள்கூட மாறவில்லை. எனக்குத் தேவை இரண்டு நிமிடம். இந்தத் திட்டத்தை ஜெயசீலனிடமும் சொல்லியிருந்தேன்.

அன்று தாள்களைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு, சட்டைக்குள் இடுப்பில் செருகிக்கொண்டு ஜெயசீலனின் மேசையைத் தாண்டி நடந்தேன். சுற்றிலும் ஆட்கள். மேலே கண்ணாடி அறை. அவர் எழுந்து, ஏதோ அளவுகோலை எடுப்பவர்போல என் பக்கம் வந்து தோளில் ஒருமுறை தட்டினார்.

ஒரு தட்டு.

பயப்படுகிறார் என்று நினைத்தேன். தோளைக் குலுக்கி விடுவித்துக்கொண்டு ஷட்டரைக் கடந்து வெயிலுக்குள் போனேன்.

ஷட்டருக்கும் கேட்டுக்கும் இடையில் கழிவு உலோகம் போடும் தொட்டிகள் வரிசையாக இருக்கும். மார்பளவு உயரம். தனசேகர் எடைமேடை அறைக்குள் நுழைவதைப் பார்த்துவிட்டு நடந்தேன். மூன்றாவது தொட்டிக்கு வந்தபோது அவர் வெளியே வந்துவிட்டார். அரை நிமிடம் கூட ஆகவில்லை. உட்காரவில்லை, குடிக்கவில்லை. ஏதோ ஒரு சீட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிட்டார்.

அன்றைக்குக் கிருத்திகை. மகளின் கல்யாணம் கூடிவர வேண்டும் என்று வல்லக்கோட்டை முருகனுக்கு வேண்டிக்கொண்டு அவர் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதம் இருந்தார். காலையிலிருந்து நெற்றி நிறைய விபூதி. நானும் அதைப் பார்த்திருந்தேன். என் கவனமெல்லாம் அவருடைய காலடிகளை எண்ணுவதில் இருந்தது. கிறிஸ்தவரான ஜெயசீலன்தான் விபூதியைப் பார்த்து, கிருத்திகை என்று கணக்குப் போட்டு, இன்று தேநீர் இல்லை என்று முடிவுக்கு வந்தவர். அதை வாய்விட்டுச் சொல்ல வழியின்றித் தட்டினார்.

தனசேகர் தொட்டி வரிசையை ஒட்டியே வந்துகொண்டிருந்தார். கேட்டுக்கு இன்னும் பதினைந்து அடி. திரும்பி நடந்தால் அவர் கண்ணில் படுவேன். தொட்டிக்குப் பின்னால் ஒடுங்கினேன். செருப்பு சரளைக் கல்லில் அரைபடும் சத்தம் கேட்டது. இடுப்பில் உறை வேர்வையில் ஒட்டிக்கொண்டது. அந்தத் தாள்களில் முதல் பெயர் முருகேசனுடையது. இரண்டாவது பெயருக்குரியவருக்கு அந்த மாதம்தான் குழந்தை பிறந்திருந்தது. எனக்கு வேறு வேலை கிடைக்கும். எனக்கு அப்போது என் வேலையைப் பற்றிய நினைப்பே இருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

அப்போது ஷட்டரிலிருந்து ஜெயசீலன் வந்தார். பாதையின் நடுவில், வெயிலில், வேகமாகவும் இல்லாமல் மெதுவாகவும் இல்லாமல். வலது கை கால்சட்டைப் பைக்குள். என்னைத் தாண்டிப் போனார். என் பக்கம் கண்ணைத் திருப்பவில்லை. தனசேகருக்கு எதிரே போய், பிறகு எதையோ தவிர்ப்பவர்போல இடது பக்கம் விலகினார். தனசேகர் அவரை மறிக்கத் திரும்பினார். காவலரின் முதுகு என் பக்கம் வந்தது.

“இன்னா சீலா, இந்தப் பக்கம்?”

“சும்மாதான் மாமா.”

“சும்மான்னா? சாப்பாட்டு டைம்ல கேட்டாண்ட இன்னா வேல? பாக்கெட்ல இன்னா?”

“ஒண்ணும் இல்ல.”

யாருக்கும் சந்தேகம் வரும்படி அதைச் சொன்னார்.

“கைய வெளிய எடு. எடுடா சொல்றேன்.”

பித்தளை வெயிலில் மின்னியது. பரிசோதனையில் கழித்த பொருள்கள் கிடக்கும் தட்டிலிருந்து வருகிற வழியில் எடுத்திருக்கிறார். இரும்புத் துண்டாக இருந்தால் திட்டி அனுப்பிவிடுவார்கள். பித்தளை என்றால் விட மாட்டார்கள். அந்தச் சில நொடிகளில் அதையும் யோசித்திருக்கிறார்.

தனசேகர் அதை வாங்கி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார். “இன்னாடா இது,” என்றார் பிறகு, அழுகிற குரலில். “புள்ளைங்கள வெச்சிக்கினு. கிருத்திகையும் அதுவுமா என் கைல வந்து மாட்றியே.”

சட்டையைப் பிடித்துப் பாதுகாப்பு அறைக்கு இழுத்துப்போனார். ஆட்கள் கூடினார்கள். எல்லாக் கண்களும் அங்கே. நான் பதினைந்து அடி நடந்தேன். குனிந்தேன். உறையைக் கதவின் அடியில் தள்ளினேன். மறுபக்கம் முருகேசனின் விரல்கள் அதை இழுத்துக்கொண்டன. திரும்பி நடந்தபோது பாதுகாப்பு அறைக்குள் கன்னத்தில் அறை விழும் சத்தம் கேட்டது. நான் நிற்கவில்லை.

முருகேசன், இரும்புத் தகட்டுக்கு அந்தப் பக்கமிருந்து உங்களுக்கு எதுவும் தெரிந்திருக்க நியாயமில்லை. விண்ணப்பம் வெளியே வந்தது ஒரு செய்தி. அதே நாளில் பதினேழாம் நம்பர் திருடி மாட்டிக்கொண்டது வேறொரு செய்தி. இரண்டும் ஒன்றுதான் என்று இப்போது சொல்கிறேன்.

விசாரணைக்குப் போகுமுன் கழிவறையில் ஜெயசீலன் என்னிடம் சொன்னார்: “வாயத் தொறந்தீங்கன்னா ரெண்டு பேரும் போவோம் சார். அப்பால லிஸ்டு எப்டி வெளிய போச்சுன்னு நோண்டுவாங்க. நாப்பத்து மூணும் போவும். கம்முனு இருங்க.” அங்கேயும் சார்தான். நான் கம்மென்று இருந்தேன். அவர் சொல்லாமல் இருந்திருந்தாலும் அப்படித்தான் இருந்திருப்பேன். பிரிவுப் பொறுப்பாளர் என்பதால் என்னைச் சாட்சியாக அழைத்தார்கள். இந்தப் புஷ் உங்கள் பிரிவின் பொருளா என்று கேட்டார்கள். ஆம் என்றேன். வெளியே எடுத்துப்போக அனுமதி கொடுத்தீர்களா என்றார்கள். இல்லை என்றேன். இரண்டு பதிலும் உண்மை. அந்த இரண்டு உண்மைகளை வைத்துத்தான் அவரைத் திருடன் என்று எழுதினார்கள்.

நிரந்தரத் தொழிலாளி என்பதால் வேலையை விட்டு நீக்காமல், பதினேழாம் எண் முத்திரையைப் பிடுங்கிக்கொண்டு அவரைப் பேக்கிங்குக்கு அனுப்பினார்கள். இறந்த நாள்வரை அட்டைப்பெட்டி ஒட்டிக்கொண்டிருந்தார். அவர் அதற்குப் பிறகு எதையும் சரி என்றோ தவறு என்றோ சொல்லவில்லை. சொல்லும் அதிகாரம் அவருக்கு இல்லை.

மூன்றாவது ஞாயிறு தண்டலத்துக்குப் போனேன். ஜன்னலோரத்தில் உட்கார்ந்திருந்தார். திரையில் மழை பெய்துகொண்டிருந்தது.

“எதுக்கு அப்படிச் செஞ்சே? நான் கேட்டேனா?” என்றேன்.

“நீ தொட்டிக்குப் பின்னால பதுங்கின லட்சணத்தப் பாத்தேன். முதுகு பூரா வெளிய தெரியுது. கேம்லயே உனக்கு ஒளிய வராதுண்ணா.”

“விளையாட்டாப் பேசாதே சீலா.”

“ஒரு தபா தட்டுனேனா இல்லியா?”

“தட்டினே.”

“நீ நிக்கல. அப்ப நான் இன்னா பண்றது?”

அப்படியே திரும்பிப் படியிறங்கினேன். அதன் பிறகு அந்த மாடிக்குப் போகவில்லை. என்னைக் கேட்காமல் என்னை இவ்வளவு சிறியவனாக்கிவிட்டார் என்று அவர்மேல் கோபம். ஆலையில் பேக்கிங் பக்கம் போகும்போது முகவாயைத் தூக்கி ஒரு சைகை செய்வார். நான் கையிலிருக்கும் தாளைப் பார்த்துக்கொண்டு கடந்துபோவேன். இரண்டு வருடம் இப்படிக் கழிந்தது. எத்தனையோ பேர்மேல் எனக்குக் கோபம் உண்டு. அதில் பலவற்றுக்கு நியாயமும் உண்டு. இதற்கு இல்லை.

சங்கம் பதிவானது. ஸ்ரீபெரும்புதூரில் மண்டபம் பிடித்து விழா எடுத்தார்கள். ஜெயசீலனையும் கூப்பிடலாமே என்று முருகேசனிடம் சொல்லிப் பார்த்தேன். “வேண்டாம் அண்ணாச்சி. ஆரம்பிக்கும்போதே மேடையில ஒரு களவாணி உக்காந்திருந்தா நல்லாவா இருக்கும்?” என்றார். அந்த வார்த்தைக்காக முருகேசனை நான் மனத்துக்குள் எவ்வளவு திட்டியிருக்கிறேன் என்பது அவருக்குத் தெரியாது. அந்த இடத்திலேயே ஒரு வாக்கியம் சொல்லியிருந்தால் போதும். பதிவு முடிந்த பிறகு நாற்பத்து மூன்று பேருக்கும் ஆபத்து இல்லை. ஆபத்து எனக்கு மட்டும்தான் இருந்தது. சொல்லவில்லை. பிள்ளைப்பாக்கத்தில் பஸ்ஸை விட்டு இறங்கிய நால்வரில் இருவருடைய கையெழுத்து அந்தத் தாள்களில் இருக்கிறது. அவர்களை நான் குறை சொல்ல முடியாது. அவர்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியும்.

போன வாரம் ஜெயசீலனின் மனைவி ஸ்டெல்லாவைப் பார்த்து எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குறுக்கே பேசவில்லை.

“ஏன் எடுத்தன்னு எத்தினி தபா கேட்டேன் தெரியுமா சார்?” என்றார். “பளபளன்னு இருந்துச்சு, ஆசப்பட்டுட்டேன்னாரு. ஒரு சட்டைக்கு ஆசப்படாத மனுசன் சார் அவரு.”

சுவரில் மாட்டியிருந்த அவருடைய படத்தைப் பார்த்துக்கொண்டே மேலே பேசினார்.

“ரெண்டு வருசம் பூசைக்குப் போம்போது அவருகூட சேந்து நடக்கல நானு. பத்தடி முன்னால போயிடுவேன். பின்னாலயே வருவாரு. ஒரு வார்த்த சொன்னதில்ல. நீங்க எங்க சார் இருந்தீங்க?”

“ஆலையிலதான் இருந்தேன்.”

“எழுதுங்க,” என்றார். “அழகா எல்லாம் வேணாம். நடந்தத எழுதுங்க. கீய உங்க பேரப் போடுங்க. அவரு பேரு மட்டும் தனியா நாறிக்கினு இருந்தது போதும்.”

எழுதிவிட்டேன். இதன் ஒரு பிரதியை நிர்வாகத்துக்கு அனுப்பியிருக்கிறேன். விசாரணைக் கோப்பில் என் சாட்சியத்தின் மேல் இதை வைக்கும்படி கேட்டிருக்கிறேன். என்னை என்ன செய்வார்கள் என்பது அவர்கள் முடிவு. சங்கத்திடம் எனக்கு ஒரே கோரிக்கை: நாற்பத்து மூன்று பேரும் இன்று திருப்பலி முடிந்ததும் ஸ்டெல்லாவோடு சேர்ந்து கல்லறைவரை நடக்க வேண்டும். முன்னாலும் வேண்டாம், பின்னாலும் வேண்டாம், அவர்கூடவே.

அவரிடமிருந்து எனக்கு மிஞ்சியது அவருடைய பொறுமை என்று எழுத ஆசைதான். அது என்னிடம் ஒட்டவில்லை. அவருடைய இரக்கமும் ஒட்டவில்லை. நான் வைத்துக்கொண்டிருப்பது ஒரு நடையை. பார்வையில் படாமல் ஓர் இடத்தைக் கடப்பதில் அவரைவிடத் தேர்ந்தவரை நான் கண்டதில்லை. அப்படிப்பட்டவர் ஒரு பகலில், கேமராக்களுக்கும் காவலுக்கும் நேர் எதிரே, எல்லாரும் பார்க்கட்டும் என்று நாற்பதடி தூரம் நடந்தார். அவர் எங்கே போகிறார் என்று தெரிந்து பார்த்தவன் நான் ஒருவன்தான். அவர் என்னைத் தாண்டிப் போகும்போது நான் எழுந்து நின்றிருக்கலாம்.

வ. கிருபாகரன்
பரிசோதனைக்கூடப் பொறுப்பாளர்